ஆடிப்பெருக்கும் ஊராட்சியின் கடமையும்

கிராம வளர்ச்சியைப் பற்றிப் பேசும்பொழுது சாலை, கிணறு, பள்ளிக்கூடம், விதை, உரம் ஆகியவற்றையே நாம் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இவையெல்லாம் எதற்காக? உழைத்துக் களைத்த குடும்பம் ஓரிடத்தில் அமர்ந்து மகிழ்வோடு உண்ண வேண்டும்; அண்டை வீட்டாரோடு மனம்விட்டுப் பேச வேண்டும்; சிறுவர்கள் ஓடியாடித் திரிய வேண்டும். இதற்காகத்தானே? இம்மூன்றும் ஒருங்கே நிகழும் நாள் காவிரிக் கரைக் கிராமங்களில் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அதுவே ஆடிப்பெருக்கு. அந்நாளை ஊராட்சி எவ்வாறு தன் பணிகளுள் ஒன்றாக ஏற்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆற்றங்கரையில் கூடும் நாள்

ஆடி மாதம் பதினெட்டாம் நாள், ஆங்கிலத் தேதிப்படி ஆகஸ்டு 2 அல்லது 3இல் வரும். தென்மேற்குப் பருவமழை குடகு மலையில் பொழிந்து, காவிரி பெருகி வரும் காலம் அது. 1925இல் கட்டத் தொடங்கி 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு நீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நீர் இருப்புக் குறைந்த ஆண்டுகளில் இது தள்ளிப் போவதும் உண்டு. வாய்க்காலில் நீர் வந்து, நாற்றங்காலும் நடவுமாக வயல் உயிர்பெறும் வேளையில், உழவர் குடும்பங்கள் ஆற்றுக்கு நன்றி கூறப் புறப்படுகின்றன.

அன்று காலை எந்த வீட்டிலும் அடுப்பு ஓய்வதில்லை. எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எனத் தூக்குகளில் நிரப்பிக்கொண்டு, பாட்டி முதல் பேரக் குழந்தை வரை கரைக்குச் செல்கிறார்கள். பெண்கள் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை, கருகமணி, பழம், காப்பரிசி படைத்து வழிபடுகிறார்கள். புதுமணப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். சிறுவர்களோ தாங்களே செய்த சிறு சப்பரங்களைத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு வருகிறார்கள். அச்சப்பரம் வழியில் எத்தனை முறை கவிழ்ந்தது, சக்கரம் எங்கே கழன்றது என்பதே அவர்களுக்கு ஆண்டு முழுவதும் சொல்லி மகிழும் வீரக்கதை. பிறகு இலை போட்டு உண்ணும்போது, ஒரு வீட்டுச் சாதம் நான்கு வீட்டு இலைக்குப் போகிறது. ஆற்றில் நீரில்லாத ஆண்டுகளில் கைப்பம்பின் அடியில் விளக்கேற்றி இவ்விழாவை நடத்தியவர்களும் உண்டு. அத்துணை ஆழமாக இது மக்கள் மனத்தில் வேரூன்றியுள்ளது.

நான் கற்ற பாடம்

இவ்விழாவை நான் தொடக்கத்தில் சரியாக மதிப்பிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கரையோர ஒன்றியத்தில் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தேன். வாய்க்கால் பராமரிப்புப் பற்றிப் பேச ஓர் ஊரில் கூட்டம் குறித்தேன். குறித்த நாள் ஆடி பதினெட்டு என்பதை நான் கவனிக்கவில்லை. காலை பத்து மணிக்கு ஊராட்சிச் செயலர் ஒருவரே வந்திருந்தார். சற்றுச் சினத்துடன் ஆற்றங்கரைக்குச் சென்றேன். அங்கே ஊரே இருந்தது. என்னைக் கண்டதும் ஒரு குடும்பத்தினர் அழைத்து, எனக்கும் ஓர் இலை போட்டார்கள்.

நான் உண்டுகொண்டிருக்கும்போதே, படித்துறையில் சப்பரத்தோடு இறங்கிய ஒன்பது வயதுச் சிறுவன் வழுக்கி நீரில் வீழ்ந்தான். அவன் கூச்சலிடவில்லை, பக்கத்தில் குளித்தவர்களுக்கே தெரியவில்லை. கரையில் வண்டி அவிழ்த்துக்கொண்டிருந்த ஓர் உழவர் அதைக் கண்டார். ஆற்றில் குதிக்காமல் கரையோடு ஓடி, வண்டிக் கயிற்றைச் சிறுவனுக்கு முன்னால் எறிந்தார். ஏறத்தாழ முப்பது கெஜ தூரம் போய்விட்ட சிறுவன் கயிற்றைப் பற்றினான், பிழைத்தான். அவ்வுழவருக்கும் சிறுவனின் தந்தைக்கும் வரப்புத் தகராறினால் நான்கு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அன்றே மற்றொன்றையும் அறிந்தேன். சிறுவன் வழுக்கிய மூன்றாம் படி உடைந்து பாசி பிடித்துக் கிடந்தது. அதைச் சீர்செய்யுமாறு அவ்வூர் மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஏழு வாரங்களுக்கு முன்னரே மனுக் கொடுத்திருந்தார்கள். அம்மனு என் அலுவலகத்தில், என் மேசையில்தான் இருந்தது. மாலையில் சிறுவனின் தாய் என்னிடம் வந்தார். குறை கூறுவார் என்று எண்ணித் தலைகுனிந்து நின்றேன். "சாப்பிட்டீர்களா, ஐயா?" என்று மட்டுமே கேட்டார். அக்கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. அப்படியைச் செப்பனிட இரண்டு மூட்டை சிமெண்டும் இரண்டு நாள் கொத்தனார் வேலையுமே தேவைப்பட்டன.

வரப்புத் தகராறு அன்றே தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நில அளவர் வந்து அளந்த பிறகே தீர்ந்தது. ஆனால் அளக்க வேண்டுமென்ற மனுவில் இருவரும் சேர்ந்து கையொப்பமிட்டார்கள். நான் கூட்டிய கூட்டத்தால் ஆகாத காரியம் இது.

ஊராட்சி செய்யத்தக்கவை

மகிழ்ச்சியை ஊராட்சி உண்டாக்க வேண்டியதில்லை. அதை மக்களே உண்டாக்கிக்கொள்வார்கள். அதற்கு ஊறு நேராமல் காப்பதே நம் கடமை. அதற்குரிய வேலைகள் வருமாறு:

1. மே 1 கிராம சபைக் கூட்டத்திலேயே இதனைப் பொருளாக வைத்து, இளைஞர்கள், மகளிர் குழுவினர், நீச்சல் தெரிந்த பெரியவர்கள் கொண்ட சிறு குழுவை அமைக்கலாம்.

2. ஜூலை மாதத்தில் படித்துறையைப் பார்வையிட்டு, உடைந்த படிகளைச் சீர்செய்து, பாசியைச் சுரண்ட வேண்டும். கரை நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளதாயின் அத்துறைக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2021இல் ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் முன்னதாக வரும் இந்நாளையே கடைசிப் பார்வைக்கு வைத்துக்கொள்வது நலம்.

3. குளிக்கும் இடத்துக்கு மூங்கில் நட்டுக் கயிறு கட்டி எல்லை குறிக்க வேண்டும். மணல் எடுத்த பள்ளங்கள் உள்ள இடங்களில் சிவப்புத் துணி கட்டி எச்சரிக்க வேண்டும்.

4. அணையிலிருந்து கூடுதல் நீர் திறக்கப்படும் செய்தி வந்தால் உடனே தண்டோராவாலும் ஒலிபெருக்கியாலும் தெரிவிக்க வேண்டும். அதிகாரிகள் ஆற்றில் இறங்கக் கூடாது என்றால், வழிபாட்டைக் கரையிலேயே முடித்துக்கொள்ளலாம்.

5. குடிநீர், நிழற்பந்தல், பெண்கள் உடை மாற்றும் மறைப்பு, கழிப்பிடம் ஆகியவை வேண்டும். உண்ணுவதற்கு வாழையிலையே போதும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது.

6. படித்துறை எல்லாத் தெருவினருக்கும் பொது. நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, சாதி காரணமாக எவரையும் விலக்கக் கூடாது என்கிறது. ஒரு தெருவினர் ஒதுங்கி நிற்கும் விழா, ஊர் விழா ஆகாது.

நீரில் ஒருவர் தவறினால்

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் சுமார் நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மூழ்குபவர் கையசைத்துக் கூவுவார் என்று எண்ணுவது தவறு. மூச்சுக்கே போராடுபவருக்குக் குரல் எழும்புவதில்லை. ஆதலால் சிறு குழந்தைகள் பெரியவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

ஒருவர் தவறி வீழ்ந்தால், பயிற்சி இல்லாதவர் குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவதே பல ஊர்களில் கண்ட துயரம். கயிறு, வேட்டி, நீண்ட கழி ஆகியவற்றை நீட்டலாம். வாழைமரத் துண்டு, மூடியிட்ட காலிக் குடம் போன்ற மிதக்கும் பொருளை எறியலாம். இவற்றை விழாவன்று படித்துறையிலேயே வைத்திருக்க வேண்டும்.

கரைசேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை எடுக்க முயல்வதும் தவறான பழக்கங்கள். இவற்றால் காலமே வீணாகும். அவர் மூச்சு விடவில்லையெனில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றே பின்சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்துச் சில முறை ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவே 30 முறை விரைந்து அழுத்தி, 2 முறை ஊத வேண்டும். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை இருக்கலாம். உதவி வரும்வரை இதனை இடைவிடாது செய்க. அதே வேளையில் மற்றொருவர் 108க்குத் தெரிவிக்க வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரை அழைத்து இதைக் குழுவினர் அனைவரும் நேரில் பழகிக்கொள்வது மிகவும் நல்லது.

விழாவுக்குப் பின்

விழா முடிந்த சில நாள்களில் ஆகஸ்டு 15 கிராம சபை கூடுகிறது. எது நன்றாக நடந்தது, எது குறை என்பதை அங்கே பேசிப் பதிந்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு வழிகாட்டியாகும். ஆறில்லாத ஊர்களில் ஏரிக்கரையிலும் காணும் பொங்கல் நாளிலும் இம்முறையைக் கையாளலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களே, விவசாயப் பெருமக்களே! சிறுவர்களை ஆற்றுப் பக்கமே போகாதே என்று தடுப்பது எளிது. ஆனால் அவ்வாறு வளரும் பிள்ளைக்கு ஆறும் தெரியாது, ஊரும் தெரியாது. அவர்கள் சப்பரம் இழுத்து வரட்டும், நீந்தப் பழகட்டும், நனைந்த துணியோடு வீடு திரும்பித் தம் வீரக்கதையைச் சொல்லட்டும். அவர்கள் இறங்கும் படி உறுதியாக இருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துவைப்பது மட்டும் நம் வேலை. உங்கள் ஊர்ப் படித்துறையில் உடைந்த படி ஏதேனும் இருக்கிறதா? நாளைக் காலையே சென்று பாருங்கள்.