கல்லீரல் தொடங்க, பாக்டீரியா முடிக்கும் அமிலங்கள்

பித்த அமிலங்கள் கொலஸ்டிராலிலிருந்து கல்லீரலில் உருவாகின்றன. மனிதக் கல்லீரல் நேரடியாக உண்டாக்குபவை முக்கியமாக இரண்டு: கோலிக் அமிலம், கீனோடீஆக்ஸிகோலிக் அமிலம். இவற்றோடு கிளைசினையோ டாரினையோ இணைத்துக் கல்லீரல் பித்தநீரில் கலந்து அனுப்புகிறது. கொழுப்புள்ள உணவு வந்ததும் பித்தப்பை சுருங்கி இவற்றை முன்சிறுகுடலில் இறக்குகிறது. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பது போல இவை கொழுப்பை நுண்துளிகளாக உடைக்கின்றன. பள்ளிப் பாடம் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுகிறது. மீதிக் கதையில் பாக்டீரியாக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தவறான நம்பிக்கைகள் மிகுதியாக இருப்பதும் அங்கேதான்.

பித்தநீர் ஒரு கழிவு, வேலை முடிந்ததும் மலத்தோடு போய்விடும் என்ற எண்ணம் மிகப் பரவலானது. பித்தநீரில் கழிவு உண்டு. பித்த அமிலம் அந்தக் கழிவு அன்று. சிறுகுடலின் கடைசிப் பகுதி ஏறத்தாழ 95 சதவீதப் பித்த அமிலத்தை உறிஞ்சி, ரத்தத்தின் வழியே கல்லீரலுக்குத் திருப்பி அனுப்புகிறது. உடலில் மொத்தமாக இருப்பது சில கிராம் மட்டுமே. அந்தச் சிறு இருப்பு ஒரே நாளில் பல முறை குடலுக்கும் கல்லீரலுக்கும் இடையே சுற்றி வருகிறது. நாளொன்றுக்கு அரை கிராம் அளவில் மலத்தோடு வெளியேற, அதே அளவைக் கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து புதிதாகச் செய்துகொள்கிறது. உடலிலிருந்து கொலஸ்டிரால் வெளியேறும் முக்கிய வழிகளில் இதுவும் ஒன்று. ஓட்ஸ், பார்லி போன்றவற்றின் கரையும் நார்ச்சத்து பித்த அமிலம் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கூடுதல் கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது.

மஞ்சளாக வாந்தி வந்தால் உடம்பில் பித்தம் கூடிவிட்டது என்று தமிழ்நாட்டு வீடுகளில் சொல்வதுண்டு. அந்த நிறம் பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபினுடையது. வெறும் வயிற்றில் குமட்டும்போது முன்சிறுகுடலில் இருக்கும் பித்தநீர் மேலேறி வருகிறது. அளவு கூடியதற்கு அது அடையாளம் ஆகாது. பிலிருபினையும் குடல் பாக்டீரியாக்கள் விட்டுவைப்பதில்லை. மலத்தின் பழுப்பு நிறம் அவை அதை மாற்றியமைப்பதால் வருவது.

பித்த அமிலங்களைச் செய்வது கல்லீரல் மட்டுமே என்பது அடுத்த நம்பிக்கை. உறிஞ்சலில் தப்பிய சிறு பங்கு பெருங்குடலை அடைகிறது. லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம், பாக்டீராய்டிஸ் உள்ளிட்ட பல வகைகள், கல்லீரல் ஒட்டி அனுப்பிய கிளைசினையும் டாரினையும் முதலில் வெட்டி எடுக்கின்றன. அடுத்த படி கடினமானது. அமிலத்தின் ஏழாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியைப் பல நொதிகள் வரிசையாகச் செயல்பட்டு நீக்க வேண்டும். அதற்கான முழு மரபணுத் தொகுதி கிளாஸ்டிரிடியம் சிண்டென்ஸ் போன்ற மிகச் சில இனங்களிடம்தான் இருக்கிறது. எண்ணிக்கையில் சிறுபான்மையான இவைதாம் கோலிக் அமிலத்தை டீஆக்ஸிகோலிக் அமிலமாகவும், கீனோடீஆக்ஸிகோலிக் அமிலத்தை லித்தோகோலிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. மனிதப் பெருங்குடலில் மிகுந்திருக்கும் பித்த அமிலங்கள் இந்த இரண்டே. 2020இல் இன்னொரு வியப்பும் சேர்ந்தது: ஃபினைல்அலனின், டைரோசின், லூசின் ஆகியவற்றைக் கோலிக் அமிலத்தோடு பாக்டீரியாக்களே இணைப்பதாகத் தெரியவந்தது. கிளைசினையும் டாரினையும் வெட்டும் அதே நொதிதான் இந்த ஒட்டும் வேலையையும் செய்கிறது என்று பின்னர் நிறுவப்பட்டது.

கொழுப்பைக் கரைப்பதோடு இவற்றின் வேலை முடிவதில்லை. பித்த அமிலங்கள் செல்களுக்குச் செய்தி சொல்லும் மூலக்கூறுகள் என்பது 1999இல் உறுதியாயிற்று. எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பி அவற்றைப் பிடித்துக்கொள்ளும் என அந்த ஆண்டு ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இந்த ஏற்பி தூண்டப்பட்டால் எஃப்ஜிஎஃப்19 என்ற ஹார்மோன் சுரந்து, உற்பத்தி போதும் என்று கல்லீரலுக்குத் தெரிவிக்கிறது. அமிலத்தின் வடிவத்தைப் பொறுத்து ஏற்பியின் பதில் மாறுவதால், வடிவத்தை மாற்றும் பாக்டீரியாக்களுக்குக் கல்லீரலின் உற்பத்தியிலேயே ஒரு பிடி இருக்கிறது.

இந்த உறவின் மருத்துவ முக்கியத்துவம் கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியின் விஷயத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஆன்டிபயாடிக் கெட்ட கிருமிகளை மட்டுமே கொல்லும் என்ற நம்பிக்கையை இது உடைத்துவிடுகிறது. இந்தக் கிருமி குடலில் வித்து வடிவில் உறங்கிக் கிடக்கும். அதை முளைக்கத் தூண்டுவது, டாரினை இணைத்துக் கல்லீரல் அனுப்பும் கோலிக் அமிலமான டாரோகோலேட்; முளைத்ததை வளரவிடாமல் தடுப்பது பாக்டீரியா செய்த டீஆக்ஸிகோலிக் அமிலம். ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது பித்த அமிலத்தை மாற்றும் இனங்கள் அழிகின்றன. தூண்டுவது மிகுந்து, தடுப்பது குறைய, கடும் வயிற்றுப்போக்கு மூள்கிறது. மீண்டும் மீண்டும் இந்நோய்க்கு ஆளானவர்களுக்கு ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைச் செலுத்திய நெதர்லாந்துச் சோதனையில், முதல் தவணையிலேயே 16 பேரில் 13 பேர் குணமானார்கள். 2013இல் வெளியான முடிவு அது. இத்தகைய சிகிச்சைக்குப் பின் நோயாளிகளின் குடலில் மாற்றப்பட்ட பித்த அமிலங்கள் திரும்ப வருகின்றன. ஆனால் குணமாவதற்குப் பித்த அமிலம் ஒன்றே காரணம் என்று முடிவு கட்டுவதும் இன்னொரு மிகை நம்பிக்கைதான். பித்த அமில வழி இல்லாத எலிகளிலும் சில பாக்டீரியாக்கள் அமினோ அமிலங்களுக்குப் போட்டியிட்டே இந்தக் கிருமியை அடக்குவது 2021இல் காட்டப்பட்டது.

அப்படியானால் பாக்டீரியா மாற்றிய அமிலம் நல்லது, இல்லையா? அதுவும் சரியில்லை. கொழுப்பு மிகுந்து நார் குறைந்த உணவால் டீஆக்ஸிகோலிக் அமிலம் பெருங்குடலில் கூடும்போது அது செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்கக்கூடியது. பெருங்குடல் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு கூறப்படுகிறது. 2015இல் வெளியான ஆய்வொன்றில் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேருக்குத் தென்னாப்பிரிக்கக் கிராமத்து உணவும், அக்கிராமத்தார் 20 பேருக்கு அமெரிக்க உணவும் இரண்டு வாரம் தரப்பட்டன. முதல் குழுவில் இவ்வகை அமிலங்கள் சரிந்தன, இரண்டாவதில் உயர்ந்தன. ஆறு ஆண்டு கழித்து ஜப்பானில் நூறு வயது கடந்தவர்களின் குடலிலோ லித்தோகோலிக் அமிலத்தின் ஒரு வகை மிகுந்திருப்பதும், அது டிஃபிசில் கிருமியைத் தடுப்பதும் தெரிந்தது. ஒரே குடும்பத்து மூலக்கூறுகளுக்கு நல்லது, கெட்டது என்று பெயர் சூட்டுவதில் பயனில்லை. எந்த வகை, எங்கே, எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

தயிரும் புரோபயாடிக் மாத்திரையும் இந்த அமிலங்களைச் சீராக்கிவிடும் என்ற நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. கடையில் கிடைக்கும் புரோபயாடிக்குகள் பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள். அவற்றால் முதல் படியான வெட்டும் வேலை முடியும். டீஆக்ஸிகோலிக் அமிலத்தைச் செய்யும் மரபணுக்கள் அவற்றிடம் இல்லை. தயிர் நல்ல உணவு என்பதில் ஐயமில்லை, ஆனால் இந்த வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. எலியில் கிடைத்த முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்தும் விளம்பரங்களிலும் கவனம் தேவை. எலியின் கல்லீரல் மனிதரிடம் இல்லாத மூரிகோலிக் அமிலங்களைச் செய்கிறது. டீஆக்ஸிகோலிக் அமிலத்தை மீண்டும் கோலிக் அமிலமாக மாற்றவும் அதற்குத் தெரியும். மனிதக் கல்லீரலால் அது முடியாது.

பித்தப்பையை எடுத்துவிட்டால் பித்தமே இல்லை, இனிக் கொழுப்பைத் தொடவே கூடாது என்று அஞ்சுவோர் பலர். பித்தப்பை ஒரு சேமிப்பிடம்தான். அது இல்லாதபோது கல்லீரல் செய்யும் பித்தநீர் தொடர்ந்து குடலில் வடிகிறது. பெரும்பாலானோர் கொஞ்ச காலத்தில் வழக்கமான உணவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் கூடுதல் பித்த அமிலம் பெருங்குடலுக்குச் சென்று, அங்கே நீரைச் சுரக்கத் தூண்டி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குரோன் நோய்க்காகச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கும் இதே தொல்லை வரலாம். இதற்குப் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிராமின் என்ற மருந்து உண்டு. அது மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றை இதற்கு ஒரு மணி நேரம் முன்போ நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும்.