பனிக்கட்டி வழுக்குகிறது, வண்டி ஏன் விரையவில்லை?

கேள்வி: சென்ற பிப்ரவரியில் குடும்பத்தோடு காஷ்மீர் போயிருந்தோம். குல்மார்க்கில் பனியில் ஓடும் வண்டியில், ஓட்டுகிற தம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்று போய்வந்தேன். பல வண்டிகள் ஓடிக் கெட்டிப்பட்டுக் கிடந்த பனியில் வண்டி பறந்தது. நடுவில் ஓரிடத்தில் பனி உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடித் தரைபோல் இருந்தது. அதன்மேல் ஏறியதும் இன்ஜின் அலறியது, மீட்டர் முள் சரசரவென்று மேலே போனது. ஆனால் முகத்தில் அடித்த காற்று கூடவே இல்லை. அந்தத் தம்பி உடனே வேகத்தைக் குறைத்து, ஓரத்தில் உதிரிப் பனி கிடந்த பக்கமாக வண்டியைத் திருப்பிவிட்டார். ஏன் என்று கேட்க எனக்கு இந்தி வராது. வழுக்குகிற இடத்தில் வண்டி இன்னும் வேகமாகத்தானே போக வேண்டும்? இந்த வண்டியின் வேகத்தை எதுதான் தீர்மானிக்கிறது?
— பட்டு நெசவாளர் ஒருவர், தென்னேரி, காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: மீட்டர் முள்ளை நம்பாமல் முகத்தில் பட்ட காற்றை நம்பினீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். அன்றைக்கு உண்மையைச் சொன்னது காற்றுதான். முள் சொன்னது வேறு ஏதோ ஒன்றின் வேகம். அது எது என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். மார்கழி விடியலில் தென்னேரி ஏரிமேல் படர்வதும் நமக்குப் பனிதான், குல்மார்க்கில் பஞ்சுபோல் விழுவதும் பனிதான், நீங்கள் பார்த்த கண்ணாடித் தரையும் பனிதான். இந்தப் பதிலில் பஞ்சுபோல் விழுவதை வெண்பனி என்றும், கண்ணாடியாய் உறைந்ததைப் பனிக்கட்டி என்றும் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

வழுக்கினால் வேகம் கூடும் என்று பலரும் நினைக்கிறோம். உங்கள் தறியையே பாருங்கள். பாவின் நடுவே நாடா வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அதை ஓடவைப்பது வழுக்கல் அல்ல, உங்கள் கை. உங்கள் விரலில் எண்ணெய் பட்டிருந்தால், நாடா எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் எறிய முடியுமா? வழுக்குவது வேறு, உந்துவது வேறு. பனி வண்டிக்கு இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே தரையில் வேண்டும். முன்னால் வழுக்க வேண்டும், பின்னால் பிடிக்க வேண்டும்.

வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் இது விளங்கும். முன்னால் இரண்டு ஸ்கீ, அதாவது நுனி வளைந்த சறுக்குக் கட்டைகள். வண்டியைத் தாங்குவதும் திருப்புவதும்தான் அவற்றின் வேலை. பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக அகலமான ரப்பர் பட்டை ஒன்று முடிவில்லாமல் சுற்றிவருகிறது. அதன் வெளிப்பக்கத்தில் வரிசை வரிசையாக ரப்பர் பற்கள். கெட்டிப் பாதைகளில் ஓடும் வண்டிகளுக்கு இந்தப் பல் சுமார் 32 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். ஆளை மூழ்கடிக்கும் உதிரிப் பனியில் ஏறும் மலை வண்டிகளுக்கு 75 மில்லிமீட்டரைத் தாண்டியும் போகும். கெட்டிப்பட்ட வெண்பனியில் இந்தப் பற்கள் இறங்கிக் கவ்வுகின்றன. கவ்வியதைப் பின்னுக்குத் தள்ளுகின்றன, வண்டி முன்னே போகிறது. பனிக்கட்டியில் பல் இறங்க இடமில்லை. வெறும் ரப்பர் மேலே தேய்ந்துகொண்டு சுழல்கிறது.

உங்கள் ஊர் ஆயக்கட்டில் நடவுக்குச் சேறடிக்கும்போது டிராக்டரின் டயர் நின்ற இடத்திலேயே சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்காகத்தான் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டுகிறார்கள். அதே கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறினால் வண்டி தடதடக்கும், வேகம் போய்விடும். பனி வண்டியின் பல்லுக்கும் இதே கதைதான். உயரமான பல், கெட்டித் தரையில் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிர்ந்து இன்ஜினின் சக்தியைத் தின்னும். குட்டையான பல் கெட்டித் தரையில் விரையும், உதிரிப் பனியில் புதைந்து நிற்கும்.

இப்போது அந்த மீட்டர் முள். பெரும்பாலான பனி வண்டிகளில் வேகமானி, ரப்பர் பட்டையைச் சுழற்றும் அச்சோடு சேர்ந்தே வேலை செய்கிறது. பட்டை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும், தரை நகர்வது தெரியாது. பனிக்கட்டியில் பட்டை வழுக்கிச் சுழன்றதும் முள் ஏறியது, வண்டி ஏறவில்லை. அதனால்தான் இந்த வண்டிகளில் வேகப் பந்தயம் நடத்துகிறவர்கள் மீட்டரைப் பார்க்காமல் ரேடாரையோ ஜிபிஎஸ்ஸையோ வைத்து அளக்கிறார்கள். யாராவது பனி வண்டியில் 150 போனேன் என்று மீட்டர் படத்தைக் காட்டினால், எந்தத் தரையில் போனீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பனிக்கட்டி வேகத்துக்கு எதிரியா? இல்லை. பட்டையில் ஆணி அடித்துவிட்டால் நிலைமை தலைகீழ். கார்பைடு என்கிற மிகக் கடினமான பொருளில் முனை வைத்த ஆணிகளை ரப்பர் பட்டையில் வரிசையாகப் பொருத்துவார்கள். அவை பனிக்கட்டியில் குத்தி இறங்கும். ஸ்கீயின் அடியிலும் கார்பைடு விளிம்பு உண்டு, வளைவில் வண்டி பக்கவாட்டில் போய்விடாமல் காப்பது அதுதான். ஆணி வைத்த வண்டிக்குப் பனிக்கட்டியைவிட நல்ல தரை கிடையாது. புதையாது, தள்ளிக்கொண்டு போக வேண்டிய வெண்பனியும் இல்லை. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் உறைந்த ஏரிகளின் மேல் வேகப் பந்தயம் வைப்பது இதனால்தான். சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடும் வண்டியில் ஆணி இல்லாவிட்டால், அதற்கு ஏற்றது கெட்டித்த வெண்பனியும் அதன்மேல் விரலளவு உதிரிப் பனியும்தான்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பதிலும் ஒரு பழைய தவறு இருக்கிறது. எடை அழுத்துவதால் பனிக்கட்டி உருகி நீர்ப்படலம் உண்டாகிறது என்று பள்ளிப் புத்தகங்களிலேயே எழுதிவந்தார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. பனிக்கட்டியின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி குறைக்க, காற்று மண்டலம் நம்மேல் வைக்கும் அழுத்தத்தைப்போல் சுமார் 135 மடங்கு வேண்டும். பனி வண்டியின் எடையோ அந்த அகலப் பட்டை முழுக்கப் பரவிவிடுகிறது. தரையின்மேல் அது வைக்கும் அழுத்தம், நீங்கள் ஒற்றைக் காலில் நிற்கும்போது வைப்பதைவிடவும் குறைவு. உண்மைக் காரணங்கள் இரண்டு. பனிக்கட்டியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் உள்ளே இருப்பவைபோல் இறுகக் கட்டுண்டு இருப்பதில்லை. உறைநிலைக்குக் கீழேயும் நீர்போன்ற மெல்லிய அடுக்காக அவை நெகிழ்ந்தே கிடக்கின்றன. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இதை ஊகித்தார். மற்றது உராய்வுச் சூடு. வழுக்குகிற பொருளே தேய்த்துத் தேய்த்துத் தன் பாதையில் கொஞ்சம் உருக்கிக்கொள்கிறது. 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற இருவரும் சோதனைகள் நடத்தி இந்தச் சூட்டின் பங்கைக் காட்டினார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். குளிர் கூடக்கூட வழுக்கல் கூடும் என்பது இல்லை. உறைநிலையை ஒட்டி இருந்தால் நீர்ப்படலம் தடித்துவிடும். ஈரப் பனி ஸ்கீயின் அடியில் உறிஞ்சிப் பிடித்து இழுக்கும். மைனஸ் 7 டிகிரியை ஒட்டி உராய்வு மிகக் குறைவு. அதற்கும் கீழே போகப்போகப் படலம் உண்டாகவே சூடு போதாமல், வெண்பனி மணல்போல் ஆகிவிடும். 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பிய துருவப் பயணி ஸ்காட்டின் குழுவினரை வதைத்தவற்றில் இதுவும் ஒன்று. ஸ்லெட்ஜ் என்கிற சறுக்கு வண்டியைப் பனியில் இழுப்பது பாலைவன மணலில் இழுப்பதுபோல் ஆகிவிட்டது.

இனி இன்ஜின் பக்கம். இன்ஜினின் சுழற்சியைப் பட்டைக்குக் கொண்டுபோவது உங்கள் ஊரில் தினமும் ஓடுகிற ஒன்றுதான். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருக்குமே, இரண்டு கப்பிகளும் நடுவில் ஒரு ரப்பர் பெல்ட்டும், அதே ஏற்பாடு. வேகம் ஏற ஏற முன் கப்பியின் இரு தட்டுகளும் நெருங்கும், பெல்ட் அதன் விளிம்பை நோக்கி ஏறும். பின் கப்பியில் உள்ளே இறங்கும். இப்படி விகிதம் தானாகவே மாறுகிறது. பெல்ட் தேய்ந்து மெலிந்தால் முன் கப்பியின் விளிம்பு வரை ஏற முடியாது. இன்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வண்டி தன் உச்ச வேகத்தைத் தொடாது. பட்டையின் இறுக்கமும் அப்படித்தான். பாவு அதிகம் இறுகினால் இழை அறும், தளர்ந்தால் நெய்ய வராது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டை அளவுக்கு மேல் இறுகினால் சுற்றுவதற்கே சக்தி போகும், தளர்ந்தால் சுழற்றும் பல்சக்கரத்தின் மேல் தாவும்.

உங்கள் முகத்தில் அடித்த காற்றுக்கு வருவோம். கெட்டித் தரையில், நல்ல பிடிப்பில், வண்டியின் உச்ச வேகத்துக்குக் கடைசி வேலி அதுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்ல வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். 100 கிலோமீட்டரில் போகிற வண்டியை 110க்குக் கொண்டுபோக, காற்றுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த உங்களுக்கும் அந்தச் செலவில் ஒரு பங்கு உண்டு. பந்தயக்காரர்கள் கைப்பிடியோடு குனிந்து ஒட்டிக்கொள்வது இதற்காகத்தான்.

குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் நம் காஞ்சிபுரத்தில் இருப்பதில் முக்கால் பங்கைக்கூட எட்டாது. டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி இல்லாத இன்ஜினுக்கு அங்கே கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு சக்தி போய்விடும். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதற்குப் பிறகுதான் வருகிறது. இன்ஜினுக்குக் கிடைக்காத அந்தக் காற்று, எதிரே நின்று தடுக்கவும் இல்லை. சக்தி குறைகிற விகிதத்திலேயே காற்றின் எதிர்ப்பும் குறைகிறது. அதனால் உச்ச வேகம் நாம் பயப்படுகிற அளவுக்குக் குறைவதில்லை. குறைவது துள்ளிக் கிளம்புகிற வேகமும் ஏற்றத்தில் இழுக்கும் வலுவும்தான். பட்டை மடங்கி நிமிர்வதற்கும் பனியைத் தள்ளுவதற்கும் வேண்டிய சக்தி மலைமேலும் குறையாமல் அப்படியே இருக்கிறதே.

இந்தப் பட்டையின் கதையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்ற சிற்றூர். அங்கே ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் இரண்டு வயது மகனுக்கு 1934 குளிர்காலத்தில் குடல்வால் அழற்சி. சாலைகள் பனியில் மூடிக்கிடந்தன. மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் குழந்தை இறந்துபோனது. பனிமேல் ஓடும் வண்டிக்காக அவர் அதற்கு முன்பே பல வருடம் முயன்றுகொண்டிருந்தார். பல்சக்கரத்தால் சுழலும் பட்டைக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் செய்தவை ஊருக்கு டாக்டரையும் தபாலையும் கொண்டுபோன பெரிய வண்டிகள். ஒருவர் இருவர் போகும் சிறிய ஸ்கீ-டூ வண்டி 1959இல்தான் விற்பனைக்கு வந்தது. இன்று நம் இராணுவம் சியாச்சினில் ஓட்டும் ஸ்னோ ஸ்கூட்டர்களும் ஸ்கீயும் பட்டையும் கொண்ட இதே வகைதான்.

அந்தத் தம்பி ஏன் உதிரிப் பனிக்குத் திருப்பினார் என்பது இன்னும் பாக்கி. குல்மார்க்கில் ஒரு பழுதுபார்க்கும் கொட்டகையில், பக்கவாட்டில் சாய்த்துவைத்த வண்டி ஒன்றின் அடிப்பக்கத்தை மெக்கானிக் எனக்குக் காட்டினார். ரப்பர் பட்டையின் உள்பக்கம் இரண்டு நீண்ட தண்டவாளங்கள்மேல் சறுக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்தத் தண்டவாளங்களின் விளிம்பில் ஸ்லைடர் என்கிற பிளாஸ்டிக் பட்டி செருகியிருக்கும். அதற்கு எண்ணெயும் கிடையாது, கிரீஸும் கிடையாது. ஓடும்போது தெறித்து உள்ளே விழும் வெண்பனி உருகி, அந்த நீர்தான் மசகு. அது வராவிட்டால் பிளாஸ்டிக் சூடேறி, 130 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கிவிடும். அவர் காட்டிய பட்டியின் முன்வளைவில் பிளாஸ்டிக் மெழுகுபோல் வழிந்து, மறுபடி இறுகி, அதில் பட்டையின் உலோகப் பிடிகள் பதிந்த தடம் வரிவரியாக இருந்தது. விரலால் தடவினால் அந்த வரிகள் உறுத்தின. இப்படி இளகிய ஸ்லைடர் பட்டையைப் பசைபோல் பிடித்து இழுக்கும், வேகம் அங்கேயே விழும். இன்ஜினைக் குளிர்விக்கும் நீரும், ஃபேன் வைத்த எளிய மாதிரிகளைத் தவிர, பட்டைக்கு மேலே உள்ள தகடுகளில் தெறித்து ஒட்டும் வெண்பனியால்தான் குளிர்கிறது. கண்ணாடித் தரையில் தெறிக்க எதுவும் இல்லை. பிடிப்பு, மசகு, குளிர்ச்சி மூன்றும் ஒன்றாகப் போனதும் இன்ஜின் அலறியதை நீங்கள் கேட்டீர்கள். அவர் வண்டியை உதிரிப் பனிக்குத் திருப்பியது இந்த மூன்றையும் திரும்பப் பெறத்தான்.

அடுத்த முறை போனால் ஸ்கீயின் பக்கத்திலோ பின் தண்டவாளத்திலோ முனை வைத்த வளைகம்பி தொங்குகிறதா என்று பாருங்கள். பனிக்கட்டியில் அதை இறக்கிவிட்டால் மேற்பரப்பைச் சுரண்டி, பனித்தூளை ஸ்லைடருக்கும் தகடுகளுக்கும் வாரி இறைத்துக்கொண்டே வரும். பிடிப்பு மட்டும் அதனால் கிடைக்காது, அதற்கு ஆணிதான். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இந்தக் கம்பியைத் தூக்கி மாட்டிவிட வேண்டும். மறந்தால் பல மாதிரிகளில் கம்பி மடங்கி ஒடிந்துவிடும்.