டீசல் ஸ்விஃப்டில் செயின் சத்தம்: எதை மாற்றுவது, எதை விடுவது

பழைய டீசல் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், ஃபியட் புன்டோ எல்லாவற்றிலும் ஓடுவது ஃபியட் உருவாக்கிய 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின்தான். மாருதி அதற்கு டிடிஐஎஸ் என்று பெயர் வைத்தது, டாடா குவாட்ராஜெட் என்றது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபோது மாருதி அதை நிறுத்திவிட்டது. இன்று ரோட்டில் இருப்பவை எல்லாம் வயதான வண்டிகள். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, டைமிங் செயின்தான். "செயின் வண்டி சார், ஆயுசுக்கும் தொட வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். செயினும் தேயும், நீளும்.

காலை முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கரகரவென்று சத்தம் வந்து அடங்குகிறதா? செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது. இரவெல்லாம் நின்ற வண்டியில் பிரஷர் ஏறும்வரை செயின் தளர்ந்து, அது ஓடும் கைடில் அடிக்கும். அதனால் முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தாலோ, மாற்ற வேண்டிய கெடு தாண்டியிருந்தாலோ, மேனுவலில் சொன்ன கிரேடில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிச் சில நாள் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் நின்றால் செலவு அதோடு முடிந்தது. இன்ஜின் சூடான பிறகும் ஐடிலில் சத்தம் தொடர்ந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். செயின் பல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் மோதும், ராக்கர் ஆர்ம் உடையும். அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டும்.

இனி முக்கியமான கேள்வி. டென்ஷனர் மட்டுமா, செயினும் டென்ஷனருமா, கைடும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்த முழு செட்டா?

என் தீர்ப்பு முழு செட். காரணம் லேபர். டென்ஷனர் ஒன்றை மட்டும் மாற்றுவதானாலும் இன்ஜின் மவுண்ட், கிராங்க் புல்லி, ஆயில் சம்ப், முன் கவர் எல்லாம் கழற்றியாக வேண்டும். அவ்வளவு தூரம் போன பிறகு ஒரு கைடை மிச்சம் பிடிப்பதில் லாபமே இல்லை. நீண்டுபோன செயினில் புது டென்ஷனரைப் போட்டால், அதன் பிளஞ்சர் முதல் நாளே பாதிக்கு மேல் வெளியே வந்து நிற்கும். மேற்கொண்டு இறுக்க அதற்கு அதிக இடம் இருக்காது. பழைய கைடைக் கையில் வாங்கிப் பாருங்கள். செயின் ஓடிய இடத்தில் இரண்டு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கும், சிலதில் ஓரம் உடைந்தே இருக்கும். உடைந்த துண்டு சம்ப்பில்தான் கிடக்கும். ஆயில் உறிஞ்சும் சல்லடையில் அது சிக்கினால் பிரஷரே போய்விடும். சம்ப் இறங்கியிருக்கும்போதே சல்லடையைக் கழுவச் சொல்லுங்கள். மிச்சம் பிடிக்கலாம் என்றால் ஸ்ப்ராக்கெட்டில் மட்டும் யோசிக்கலாம். பல் கூராகவோ ஒரு பக்கம் சாய்ந்தோ தேயாமல் இருந்தால் விட்டுவிடலாம். என்னைக் கேட்டால் அதையும் மாற்றிவிடுவேன்.

பொருளில் கம்பெனி ஒரிஜினல், அல்லது கார் கம்பெனிக்கே சப்ளை செய்யும் பிராண்ட், இரண்டில் எது கிடைத்தாலும் சரி. பெயர் தெரியாத மலிவு செட் மட்டும் வேண்டாம்.

பொருளைவிட ஆள் முக்கியம். "கேம் ஷாஃப்டையும் ஃப்ளைவீலையும் பூட்டுற டூல் வெச்சிருக்கீங்களா?" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பெயின்ட் மார்க் போட்டு மாட்டிவிடலாம் என்று பதில் வந்தால் வேறு ஒர்க்‌ஷாப் பாருங்கள். டூல் உள்ள வெளி மெக்கானிக், கம்பெனி சர்வீஸ் சென்டர் இருவரில் யார் செய்தாலும் எனக்குச் சம்மதமே. செயின் மாட்டிய பின் கிராங்கை ஸ்பானரால் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்ற வேண்டும். பூட்டு மறுபடி அதே இடத்தில் சரியாக உட்கார வேண்டும். அந்த நேரத்தில் நீங்களும் கூட நில்லுங்கள்.

செயின் ஏற்கெனவே தாண்டி வால்வும் ராக்கரும் போய்விட்ட வண்டிக்குத்தான் புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் இன்ஜினை யோசிக்கலாம். அதிலும் இருப்பது பழைய செயின்தான், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். வண்டியில் ஏற்றுவதற்கு முன், தரையில் இருக்கும்போதே புது செட்டைப் போட்டுவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எதெல்லாம் மாறியது என்பதற்கு அதுதான் சாட்சி.