உறங்காத காவலன்

நுழையும்முன்

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஓர் இணையதளத்தைத் திறக்கின்றனர். அவர்களுக்கெல்லாம் விடைதரும் கணினி திடீரென நின்றுபோனால் அதை எழுப்புவது யார்? அக்கணினிக்குள்ளேயே குடியிருக்கும் மற்றொரு சிறு கணினியைப் பற்றியது இப்பாடம்.

வீட்டுக் கணினி உறைந்துபோனால், எதிரே அமர்ந்திருப்பவர் பொத்தானை அழுத்தி அணைத்து மீண்டும் இயக்கிவிடுகிறார். சேவையகக் கணினிக்கு அந்த வாய்ப்பில்லை. தரவு மையத்தின் அடுக்குகளில், நூற்றுக்கணக்கான பெட்டிகளுள் ஒன்றாக, திரையும் விசைப்பலகையும் இன்றி அது இயங்குகிறது. அதனைப் பராமரிப்பவர் வேறொரு நகரில் இருக்கக்கூடும். இயக்க அமைப்பு முடங்கியபின் அதன் வழியாகவே கட்டளை அனுப்ப முயல்வது, மயங்கிக் கிடப்பவரையே எழுந்து சென்று மருத்துவரை அழைத்துவரச் சொல்வது போன்றதாகும்.

இக்குறையைப் போக்கவே சேவையகத்தின் தாய்ப்பலகையில் தனியொரு சில்லு பொருத்தப்படுகிறது. பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர் என்பது அதன் பெயர், சுருக்கமாகப் பி.எம்.சி. என்பர். தனக்கெனச் செயலி, நினைவகம், மென்பொருள் ஆகியவற்றை உடைய முழுமையான கணினி இது. ஆற்றலில் மிகச் சிறியது. பரவலாகப் பயன்படும் ஏஎஸ்டி2500 என்னும் சில்லின் செயலி 800 மெகாஹெர்ட்ஸ் வேகமே கொண்டது. ஆனால், சேவையகம் அணைக்கப்பட்டிருக்கும்போதும் இது விழித்திருக்கும். மின்கம்பி இணைப்பில் உள்ளவரை மின்வழங்கி தரும் சிறிதளவு காத்திருப்பு மின்சாரமே இதற்குப் போதும்.

தாய்ப்பலகையெங்கும் பதிக்கப்பட்ட உணரிகள் வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறிகளின் சுழற்சி வேகம் ஆகியவற்றை இதற்கு இடைவிடாது தெரிவிக்கின்றன. வெப்பம் ஏறினால் விசிறிகள் விரைவுபடுத்தப்படும். கட்டுப்படுத்தியே செயலிழந்தால், பல சேவையகங்களில் விசிறிகள் முழு வேகத்தில் இரையத் தொடங்கும். வெப்பத்தால் சில்லுகள் கெடுவதைவிட அந்த இரைச்சல் மேல் என்று கருதியே அவ்வாறு வடிவமைத்துள்ளனர்.

நினைவகத்தில் ஒரு பிட் பிழையானால், பிழைதிருத்தும் நினைவகம் அதைத் தானே சரிசெய்துவிடும். பயன்படுத்துவோர் அதை அறியவும் மாட்டார். ஆயினும், அத்தகைய நிகழ்வுகள் மின்சாரம் போனாலும் அழியாத பதிவேட்டில் குறிக்கப்படுகின்றன. ஒரே நினைவகப் பலகையில் பிழை மீண்டும் மீண்டும் பதிவானால், அது முற்றிலும் பழுதாகும் முன்பே மாற்றிவிட இயலும்.

இதன் பணிகளுள் நுட்பமானது காவல் கடிகாரம். இயக்க அமைப்பு குறித்த காலத்திற்குள் அக்கடிகாரத்தை மீண்டும் மீண்டும் தொடக்கநிலைக்குக் கொண்டுவர வேண்டும். உறைந்துபோன அமைப்பால் அது இயலாது. எண்ணிக்கை சுழியத்தைத் தொட்டதும், எவருடைய ஆணைக்கும் காத்திராமல் கட்டுப்படுத்தி சேவையகத்தை மறுதொடக்கம் செய்கிறது.

தெரிந்து தெளிவோம்

இன்டெல், ஹியூலெட்-பேக்கர்ட், என்இசி, டெல் ஆகிய நிறுவனங்கள் 1998ஆம் ஆண்டு ஐபிஎம்ஐ என்னும் பொது விதிமுறையை வெளியிட்டன. வெவ்வேறு நிறுவனங்களின் சேவையகங்களை ஒரே முறையில் கண்காணிக்க அது வழிசெய்தது. 2015இல் ரெட்ஃபிஷ் என்னும் புதிய விதிமுறை வந்தது.

தொலைவிலிருந்தே அணைக்கவும் இயக்கவும், இயக்க அமைப்பைப் புதிதாக நிறுவவும் இக்கட்டுப்படுத்தி இடமளிக்கிறது. இத்தனை அதிகாரமும் தீயவர் கையில் சிக்கினால் என்னாகும் என்ற வினா தாமதமாகவே எழுந்தது. இயக்க அமைப்பில் உள்ள நச்சுநிரல் தடுப்பான்களின் பார்வை, அதற்குக் கீழே இயங்கும் பி.எம்.சி.யை எட்டுவதில்லை. ஐபிஎம்ஐ 2.0 விதிமுறையில் ஒரு விந்தையான குறையும் உண்டு. உள்நுழைய முயல்பவர் சரியான பயனர் பெயரைச் சொன்னாலே, கடவுச்சொல்லைக் கொண்டு கணக்கிட்ட குறியெண்ணைச் சேவையகம் முன்கூட்டியே அனுப்பிவிடும். அதை வைத்துக்கொண்டு கடவுச்சொல்லை ஆறஅமர ஊகித்துவிடலாம். 2013இல் டான் ஃபார்மர் என்னும் பாதுகாப்பு வல்லுநர் இக்குறையின் ஆபத்தை விரிவாக எடுத்துரைத்தார். கதவைத் தட்டியவரிடம் பூட்டின் அச்சை எடுத்துக் கொடுக்கும் காவலனை எவர்தாம் நம்புவர்?

எனவே, கட்டுப்படுத்தியின் வலையமைப்பைப் பொது இணையத்திலிருந்து முற்றிலும் பிரித்து வைப்பதே முதற்கடமையாயிற்று. 2018இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி, இத்தகைய அடிப்படை மென்பொருளைக் காத்தல், மாற்றப்பட்டால் கண்டறிதல், பழைய நிலைக்கு மீட்டல் ஆகியவற்றுக்கு நெறிமுறை வகுத்தது. அதையொட்டி வந்த சேவையகங்கள் சிலவற்றில் மற்றுமொரு சிறு சில்லு உள்ளது. மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது அதுவே. பி.எம்.சி.யின் மென்பொருளில் உள்ள மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே அது காவலனை எழ விடுகிறது.