நகரத்துச் சோற்றுக் கழிவு நம் நிலத்துக்கு உரமாகுமா?

முன்பெல்லாம் நம் பக்கத்து ஊர்களில் மாடு வைத்திருப்பவர் வீட்டுப் பையன் காலையில் ஒரு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு சுற்றி வருவான். அரிசி கழுவிய நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் வீட்டுப் பெண்கள் கழுநீர்ப் பானையில் சேர்த்து வைத்திருப்பார்கள். டின் நிறைந்ததும் அது மாட்டுத் தொட்டிக்குப் போகும். மாடு போட்ட சாணம் எருக்குழிக்குப் போகும். எரு ஆடி மாதத்தில் வண்டியேறி நிலத்துக்குப் போகும். இந்த வேலைக்கு யாரும் திட்டம் என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் வீட்டுக் கழிவைச் சேகரிப்பதில் அதைவிட ஒழுங்கான ஏற்பாடு பிறகு வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இன்று திருவண்ணாமலை நகருக்குள் மாட்டுத் தொட்டி வைத்த வீடுகள் அருகிவிட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படியே நகரத்தில் 1,45,278 பேர். 2024-ல் ஊர் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. இவர்கள் வீட்டுக் கழிவு போதாதென்று பௌர்ணமி தோறும் கிரிவலம் வரும் கூட்டம், கார்த்திகை தீபத்துக்கு வரும் பெருங்கூட்டம், அவர்களுக்காக நடக்கும் அன்னதானம். முன்பு டின்னோடு பையன் செய்த வேலையை இப்போது தூய்மைப் பணியாளர்கள் வண்டியோடு வந்து செய்கிறார்கள். மட்கும் குப்பையைத் தனியாக வாங்கி, உரமாக்கி, விவசாயிகளுக்குக் கொடுப்பது தமிழ்நாட்டு நகராட்சிகள் எடுத்துக்கொண்டுள்ள ஏற்பாடு.

கிராமத்திலிருந்து பார்க்கும் நமக்கு ஒரே கேள்விதான். அந்த உரத்தை நம்பி நிலத்தில் போடலாமா?

பெயரில் மட்டும் தங்கிய உரம்

நகரத்துக் குப்பையை எருவாக்குவது நமக்குப் புதிதல்ல. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, நம் விவசாயிகள் எரு சேர்க்கும் விதத்தைப் பார்த்துப் பழகி, இந்தூர் முறை என்ற கம்போஸ்ட் முறையை வகுத்தார். பின்னர் 1939-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா நகரக் குப்பைக்கென்றே ஒரு முறையைக் கண்டார். அதுதான் பெங்களூர் முறை. உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டியிருந்த அந்தக் காலத்தில் நகராட்சிகள் ஊருக்கு வெளியே குழிகளை வெட்டி, குப்பையை மட்கவைத்து, விவசாயிகளுக்கு விற்றன. குப்பை கொட்டும் இடத்தைத் தமிழ்நாட்டு ஊர்களில் இன்றுவரை "உரக்கிடங்கு" என்று சொல்வது அதனால்தான். உரம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

உரம் ஏன் போயிற்று என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். என் தகப்பனார் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய் எடுத்துவந்த கம்போஸ்டில் சாம்பலும் இலைச் சருகும் மட்கிய சோறும்தான் இருந்தன. பல ஆண்டுகள் கழித்து நான் வேறொரு ஊரிலிருந்து ஒரு டிராக்டர் லோடு வாங்கிக் கத்தரிக்கு இட்டேன். முதல் களையெடுப்பில் ஓர் அம்மாளின் கையில் பிளேடு கிழித்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகள் உழும்போதெல்லாம் பாலிதீன் பைகள் கலப்பையோடு வந்தன. இன்னும் முழுதாக ஒழிந்தபாடில்லை. அந்த நிலத்தில் வேலைக்கு வரச் செருப்பில்லாமல் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

அந்த உரத்தில் சோறோ காய்கறித் தோலோ கெட்டதில்லை. அதோடு பேட்டரி, உடைந்த டியூப் லைட், பெயின்ட் டப்பா, பாலிதீன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மட்கவைத்ததுதான் கெட்டது. கண்ணாடித் துண்டையாவது சல்லடையில் பிடிக்கலாம். ஈயமும் காட்மியமும் எந்தச் சல்லடையிலும் நிற்காது. ஒருமுறை மண்ணில் சேர்ந்தால் எடுக்கவும் வழியில்லை.

வாசலில் பிரித்தால்

2016-ல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டு வாசலிலேயே குப்பையை மட்குவது, மட்காதது, ஆபத்தானது என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றன. அதையொட்டித் தமிழ்நாட்டு நகரங்களில் நுண் உர மையங்கள் எழுந்தன. அங்கே நடப்பது எளிய வேலைதான். வந்த ஈரக் குப்பையை ஒருமுறை கையால் பொறுக்கி, இயந்திரத்தில் துண்டாக்கி, காற்றுப் புகும்படி ஓட்டை விட்டுக் கட்டிய தொட்டிகளில் நிரப்புகிறார்கள். சாணக் கரைசலோ நுண்ணுயிர்க் கரைசலோ தெளிக்கிறார்கள். அவ்வப்போது கிளறிவிட்டு, ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் எடுத்து உலர்த்திச் சலிக்கிறார்கள்.

இப்படிப் பிரித்து வாங்குவதால் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். போபாலில் உள்ள இந்திய மண் அறிவியல் நிறுவனத்தார் நாட்டின் பல நகரங்களின் கம்போஸ்டைச் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். கலந்த குப்பையில் செய்ததைவிட, தொடக்கத்திலேயே பிரித்த கழிவில் செய்த உரத்தில் தழைச்சத்து சராசரியாக 77 சதவீதம் கூடுதல். ஈயம் 84 சதவீதம் குறைவு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், கம்போஸ்ட். ஆகவே உரம் கொடுக்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. "வீட்டிலேயே பிரித்து வாங்கியதா, கிடங்கில் கொட்டியதைச் சலித்ததா?" என்று கேளுங்கள். பழைய குப்பை மலைகளைத் தோண்டிச் சலிக்கும்போது கிடைக்கும் மண் போன்ற பொருளை உரமென்று யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் சாகுபடி நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து.

அண்டை ஊரான வேலூரில் சி. சீனிவாசன் காட்டிய வழியும் இங்கே சொல்லத் தக்கது. கழிவு அழுகுவதற்குள் பிரித்துவிட வேண்டும் என்பதற்காக அவர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வீடுகளில் வாங்க ஏற்பாடு செய்தார். மாடு தின்னக் கூடியது முதலில் மாட்டுக்கு, எஞ்சியதுதான் உரத்துக்கு. பழைய கழுநீர்ப் பானைக் கணக்குதான் இது.

கோயில் ஊர்க் கழிவின் குணம்

திருவண்ணாமலைக் கழிவுக்கென்று சில தனிக் குணங்கள் உண்டு. அன்னதானக் கழிவில் சோறும் வாழை இலையும் தையல் இலையும் பாக்கு மட்டைத் தட்டும் சேர்ந்தே வருகின்றன. சோறு தனியாகக் குவிந்தால் புளித்து நாறும். காய்ந்த இலையும் மட்டையும் கலந்திருந்தால் காற்றோட்டம் கிடைத்து நன்றாக மட்கும். ஆகவே இந்தக் கலவை நல்ல கலவையே. கெடுப்பது பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும்தான். இவற்றைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. பூமாலைகளிலும் வாழை நாரில் கட்டியது மட்கிவிடும். நைலான் நூலும் ஜிகினாவும் மட்கா. தேங்காய் ஓட்டை உரத் தொட்டியில் போடுவது வீண்.

இன்னொன்று உப்பு. குழம்பு, ரசம், ஊறுகாய் சேர்ந்த கழிவில் உப்பு இல்லாமல் இருக்குமா? சோற்றுக் கழிவை நிலத்தில் கொட்டிப் புதைப்பதை 2005-லேயே தடை செய்து, நாடு முழுவதும் தனியாகச் சேகரிக்கும் தென்கொரியாவிலும் உரத்தில் உப்பு என்பது தீராத தலைவலிதான். நம் விதிகளில் உரத்தின் உப்பு நிலை 4-க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உவர்க் கிணற்று நீர் பாய்ச்சுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சந்தைக் காய்கறிக் கழிவில் இந்தத் தொல்லை இல்லை. உழவர் சந்தைக் கழிவில் செய்த உரம் தனியாகக் கிடைத்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

வாங்குமுன் நாலு சோதனை

கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அது இன்னும் ஆகவில்லை. ஈரத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள். விதிப்படி ஈரம் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

குவியலுக்குள் ஒரு கடப்பாரையைச் செருகிக் கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது. அதை நிலத்தில் போட்டால் அங்கே போய் மட்கத் தொடங்கி, பயிருக்குச் சேர வேண்டிய தழைச்சத்தையும் தானே இழுத்துக்கொள்ளும். பயிர் வெளுத்துப் போவதைப் பார்த்து நாம் யூரியா போடுவோம்.

கொஞ்சம் உரத்தை ஈரமாக்கி ஒரு பையில் காற்றுப் போகாமல் கட்டி மூன்று நாள் வையுங்கள். அவிழ்க்கும்போது மழை பெய்த மண் வாசனை வந்தால் சரி. புளித்த நாற்றம் வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

கடைசியாக முளைப்புச் சோதனை. ஒரு தட்டில் உங்கள் நிலத்து மண், இன்னொன்றில் அதே மண்ணும் உரமும் சரிபாதி. இரண்டிலும் இருபது இருபது பச்சைப்பயறு ஊன்றுங்கள். மண்ணில் பதினெட்டு முளைத்து, உரம் கலந்ததில் பத்துதான் முளைத்தால் அது பதப்படாத உரம், அல்லது உப்பேறிய உரம். ஒரு கரண்டி உரத்தை வாளித் தண்ணீரில் கரைத்தால் பாலிதீன் துணுக்குகள் பெரும்பாலும் மேலே மிதக்கும், அதையும் பார்த்துவிடலாம். ஈயம், காட்மியம் போன்றவை ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். ஆய்வு அறிக்கையைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. ஒருவராகக் கேட்பதைவிட ஊரில் பத்துப் பேர் குழுவாகப் போய்க் கேட்டால் பதில் வரும்.

எவ்வளவு, எதற்கு?

இதில் ஏமாறாமல் கணக்குப் பார்க்க வேண்டும். விதிகளில் சொன்ன குறைந்தபட்ச அளவு தழைச்சத்து 0.8 சதவீதம், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் 0.4 சதவீதம். அதாவது ஒரு டன் உரத்தில் தழைச்சத்து 8 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 20 கிலோ இருக்கிறது. ஒரு டன்னை ஏற்றி இறக்கினாலும் தழைச்சத்தில் அரை மூட்டை யூரியாவுக்குக் கூட ஈடாகாது. அந்த எட்டுக் கிலோவும் முதல் பயிருக்கே முழுதாகக் கிடைக்காது. ஆகவே வண்டி வாடகை உரத்தின் பயனைத் தின்றுவிடும் தூரத்தில் இருப்பவர்கள் யோசித்தே வாங்க வேண்டும்.

அப்படியானால் எதற்கு வாங்குவது? நம் செம்மண் நிலங்களில் அங்ககப் பொருள் குறைவு. மழை நீர் நிற்பதில்லை. மேல் மண் இறுகி, மணிலாவில் விழுது இறங்கச் சிரமப்படுகிறது. இந்த உரம் மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதற்குத்தான் காசு.

மணிலாவுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் சிபாரிசு. மாடு குறைந்துவிட்ட வீடுகளில் அவ்வளவு எரு ஏது? இருக்கும் எருவோடு ஒன்று, இரண்டு டன் நகர உரத்தைச் சேர்த்துக் கடைசி உழவுக்கு முன் சிதறி மண்ணோடு கலந்துவிடலாம். விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகப் போடுவது உசிதம். ஒரு டன் ஈரக் குப்பை மட்கிச் சலித்தால் கால் டன் உரம் தேறுவதே அதிகம். ஊர் முழுவதற்கும் இது போதாது என்பதால் பரவலாக இறைப்பதைவிடக் கத்தரி, மிளகாய், சாமந்தி போன்றவற்றுக்குச் செடி வைக்கும் இடத்தில் இரண்டு கை இடுவது லாபம். தென்னைக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம் சொல்கிறார்கள். அதில் பாதியை இதனால் ஈடுகட்டலாம். நாற்றங்காலுக்கு முளைப்புச் சோதனையில் தேறிய உரத்தை மட்டும் எடுங்கள். கீரைப் பாத்திக்கும் பச்சையாகத் தின்னும் காய்களுக்கும் நன்றாக ஆறிய, பழைய உரமாக இருக்கட்டும்.

மாட்டுக்குச் சோறு போடுகிறவர்களுக்கு

தீபத்தின்போதும் பௌர்ணமிக்கு மறுநாளும் மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் அண்டா அண்டாவாகக் கொண்டுபோய் மாட்டுக்கு வைக்கிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்வது மாட்டுக்கு எமனாகிவிடுகிறது. பழக்கமில்லாத மாடு ஒரே வேளையில் சோறு நிறையத் தின்றால் வயிற்றில் அமிலம் பெருகி, அசை போடுவது நின்று, இடப்பக்க வயிறு உப்பி, கழிச்சல் கண்டு படுத்துவிடும். இந்த அறிகுறி கண்டால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் மாடு தப்புவது கடினம். மிஞ்சிய சோறு கொஞ்சமாக, வைக்கோலோடு சேர்த்து, புளிக்காமல் இருந்தால் மட்டும். மற்றது உரக் குழிக்கு.

நகரை ஒட்டி நிலம் உள்ளவர்கள் பக்கத்து மண்டபத்திலோ ஓட்டலிலோ பேசி, பிரித்த கழிவை நேராக வாங்கித் தாங்களே மட்கவைக்கலாம். ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு கூடை காய்ந்த பொருள் என்பது அளவு. கரும்புச் சோகை, சருகு, நெல் சண்டு எதுவானாலும் சரி. அரை அடி சோகை, அதன் மேல் மூன்று விரல்கடை கழிவு, சாணக் கரைசல் தெளிப்பு, மேலே ஒரு கூடை மண் என்று அடுக்கடுக்காக இடுப்பளவு உயர்த்துங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கிளறிவிட வேண்டும். ஈக்கள் மொய்த்தால் சோகை போதவில்லை என்று பொருள். கிணற்றுக்கு ஐம்பது அடிக்குள் குவிக்க வேண்டாம்.

கார்த்திகை தீபத்தில் சேர்ந்த கழிவு ஒழுங்காக மட்கினால் தை முடிவில் உரமாகிவிடும். மாசிப் பட்டக் கத்தரிக்குச் சரியாக வரும். உடனே தேவையில்லாதவர்கள் அதை மரத்தடியில் குவித்து, மழையும் வெயிலும் படாமல் தென்னங்கீற்றால் மூடி வைத்தால் ஆடி மணிலா வரை காத்திருக்கும். மாதம் ஒருமுறை லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.