மூன்று லிட்டர் டீசலும் பிக்கப் டிரக்கும்: ஓர் இளம் இன்ஜினியருக்குக் கடிதம்

அன்புள்ள இளம் இன்ஜினியருக்கு,

இன்ஜின் வடிவமைப்புக்குப் புதிதாக வருபவர்களை முதலில் ஈர்ப்பது டார்க் வரைபடம். அதிலும் சின்ன டீசலின் வரைபடம் ஆளையே மயக்கிவிடும். 2014 மாடல் ராம் 1500 பிக்கப்பில் வந்த 3.0 லிட்டர் டீசல் 569 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்தது. அதே வண்டியின் 5.7 லிட்டர் பெட்ரோல் வி8 கொடுத்தது 556. நெடுஞ்சாலையில் அந்த டீசலுக்கு கேலனுக்கு 28 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள அமெரிக்க பிக்கப்புக்கு இது நல்ல மைலேஜ்.

இந்தக் கணக்கில் குறை இல்லை. டீசலில் வேகத்தை மட்டுப்படுத்தக் காற்றை நெரிப்பதில்லை. எரிபொருளைத்தான் கூட்டிக் குறைக்கிறார்கள். அமுக்க விகிதமும் அதிகம். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகவே ஆற்றல் இருக்கிறது. டர்போவும் சேர்ந்துவிட்டால் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைத்துவிடும். ஆனால் இப்படிப்பட்ட இன்ஜின் சந்தையில் நிலைக்குமா என்பது அந்த வரைபடத்தைத் தாண்டி, சைலன்சரிலும் ஒர்க்‌ஷாப்பிலும் முடிவாகிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றியதுதான்.

பழைய கதையிலிருந்து தொடங்கலாம். 1978-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு 5.7 லிட்டர் டீசல் ஒன்றைக் கொண்டுவந்தது. அது ஷெவர்லே அரை டன் பிக்கப்பிலும் ஏறியது. பெட்ரோல் வி8-இன் ஹெட் போல்ட் அமைப்பையே டீசலுக்கும் வைத்துக்கொண்டார்கள். டீசலின் அழுத்தத்தில் போல்ட்டுகள் நீண்டன, ஹெட் கேஸ்கெட் போனது. டீசலில் கலந்த நீரைப் பிரிக்க வாட்டர் செப்பரேட்டரும் இல்லை. 1985-ல் உற்பத்தி நின்றபோது, அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் டீசல் என்ற பெயரே கெட்டிருந்தது. அதே காலத்தில் வந்த சின்ன டீசல் பிக்கப்புகளான ஷெவர்லே எஸ்-10-இல் 62 குதிரைத்திறன், ஃபோர்டு ரேஞ்சரில் 59. அந்த இரண்டு இன்ஜினுக்கும் டர்போ கிடையாது. 1986-ல் எண்ணெய் விலை சரிந்ததும் சின்ன டீசல் பிக்கப்பை வாங்கக் காரணமே இல்லாமல் போனது.

இன்றைய சிக்கல் வேறு. சிலிண்டருக்குள் சூடு ஏற ஏற மைலேஜ் கூடும். நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டுச் சூட்டைத் தணித்தால் கரி அதிகமாகும். டீசல் புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருப்பதால், பெட்ரோல் வண்டியின் மூவழிக் கேட்டலிஸ்ட் இங்கே நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்காது. ஆகவே கரிக்கு டிபிஎஃப் வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடுக்கு யூரியா கரைசல், இரண்டையும் கவனிக்கச் சென்சார்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்கின்றன.

அந்த வடிகட்டியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். சேர்ந்த கரியை எரிக்க அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். டிரெய்லரை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அது பெரிய பாடில்லை. பத்து நிமிடம் ஓடிப் பத்து நிமிடம் நிற்கும் டெலிவரி வண்டியில் அந்தச் சூடே வராது. அப்போது சிலிண்டருக்குள் கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளித்துச் சூட்டை ஏற்றுகிறார்கள். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கிறது. அப்படிப்பட்ட வண்டியின் ஆயில் கேஜை உருவிப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். விரலில் தொட்டால் ஆயில் நீர்த்திருக்கும், டீசல் வாடை அடிக்கும். எந்த டார்க் வரைபடத்திலும் இது தெரியாது.

சின்ன இன்ஜின் என்பதால் இந்தச் செலவும் சின்னதாகிவிடாது. 2005-ல் வந்த டாடா ஏஸ், நம் ஊர் குட்டி யானை, 702 சிசி டீசலில் முக்கால் டன் சுமந்தது. மாருதி 2016-ல் 793 சிசி டீசலோடு சூப்பர் கேரியைக் கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 உமிழ்வு விதிமுறை நடைமுறைக்கு வந்தபோது சூப்பர் கேரியின் டீசல் நின்றுபோனது. பெட்ரோல் வண்டி தொடர்ந்தது. இரண்டே சிலிண்டர் உள்ள இன்ஜினுக்கும் புகையைச் சுத்தப்படுத்தும் கருவிகள் வேண்டும். விலை மலிவான வண்டிக்கு அந்தச் செலவு பெரும் சுமை.

பழுது பார்ப்பவரையும் நினைவில் வையுங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் 3.0 லிட்டர் டுராமேக்ஸ் அருமையான இன்ஜின்: வரிசையாக ஆறு சிலிண்டர், 2020 மாடலில் 624 நியூட்டன் மீட்டர், நெடுஞ்சாலையில் கேலனுக்கு 33 மைல். ஆனால் ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட் இன்ஜினின் பின்பக்கம் இருக்கிறது. அந்த மாடலில் 1,50,000 மைலில் அதை மாற்ற வேண்டும்; மாற்றக் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். வண்டியை செகண்ட் ஹேண்டாக வாங்குபவரின் தலையில்தான் அந்தச் செலவு விழும்.

போட்டியையும் மறக்க வேண்டாம். 2018-ல் ஃபோர்டு எஃப்-150-இல் வந்த 3.0 லிட்டர் டீசல் 597 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. அதே வண்டியின் 3.5 லிட்டர் டர்போ பெட்ரோல், யூரியாத் தொட்டி இல்லாமலே 637 கொடுத்தது. 2021-ல் அந்த டீசல் நின்றது. ராமின் டீசல் 2023-ல் நின்றது.

ராமின் கதையில் இன்னொரு பகுதி உண்டு; நீங்கள் அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். 2017 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ராமைத் தயாரித்த ஃபியட் கிரைஸ்லருக்கு நோட்டீஸ் அனுப்பியது. 3.0 லிட்டர் டீசல் போட்ட சுமார் 1,04,000 ராம், ஜீப் வண்டிகளின் மென்பொருளில், அறிவிக்கப்படாத எட்டு உமிழ்வுக் கட்டுப்பாட்டு வழிகள் இருந்தன என்பது குற்றச்சாட்டு. 2019-ல் சமரசம், செலவு ஏறத்தாழ 80 கோடி டாலர். 2022-ல் அந்த நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்கு மேலும் ஏறக்குறைய 30 கோடி டாலர். புகையைத் திருப்பிவிடும் வால்வு எப்போது திறக்க வேண்டும், யூரியாவை எவ்வளவு தெளிக்க வேண்டும் என்ற எண்களை ஒரு கணினியின் முன் உட்கார்ந்து யாரோ எழுதுகிறார்கள். நாளை அந்த நாற்காலியில் நீங்கள் உட்காரலாம்.

அப்படி உட்காரும்போது மைலேஜையும் நைட்ரஜன் ஆக்சைடையும் ஒரே அட்டவணையில், ஒரே ஓட்டத்தில் அளந்தபடி எழுதுங்கள். வெறும் வண்டி, டிரெய்லர் மாட்டிய வண்டி, குளிர்ந்த காலையில் குறுந்தூரம் ஓடிய வண்டி, மூன்றையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் அதையும் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பெரிய பெட்ரோல் இன்ஜின்தான் அந்த வேலைக்குச் சரி என்று தெரியவந்தால், அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையின் மூத்த தோழர்