உன் வீராணம் கட்டுரை குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

வீராணம் ஏரி பற்றிய உன் வரைவை நிதானமாகப் படித்தேன். தகவலுக்குக் குறைவில்லை. முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, நீர்மட்டம் 47.5 அடி, பாசனம் 44,000 ஏக்கருக்கு மேல் என்று எல்லாம் இருக்கிறது. படித்து முடித்ததும் 'சரி, அதற்கென்ன?' என்றுதான் கேட்கத் தோன்றியது. உன் நடையில் குறையில்லை. எழுத உட்காரும் முன்பே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. எழுத வருகிற பிள்ளைகள் பலரும் தடுக்கி விழுகிற இடம் இது என்பதால் பதிலைப் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

'வீராணம் ஏரி' என்பது வெறும் பொருள். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொண்டே போகலாம். எங்கே நிறுத்துவது என்று தெரியாது. உனக்கே விடை தெரிந்தாக வேண்டிய ஒரு கேள்வி வேண்டும். உன் ஏழாம் பத்தியின் நடுவில், போகிற போக்கில் ஒன்றைக் கேட்டிருக்கிறாய்: பாசனத்துக்கென்று வெட்டிய ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறதே, தண்ணீர் குறைந்த ஆண்டில் முதல் உரிமை யாருக்கு? கட்டுரை அங்கேதான் இருக்கிறது. அதை ஒரு தாளின் தலையில் எழுதி, மேசைக்கு எதிரே ஒட்டிவை.

ஒட்டியதும் முதலில் விழப்போவது உன் தொடக்கம். ஆடிப்பெருக்கு, ஏரிக்கரை, குதிரை மேல் வந்தியத்தேவன். 1950இல் கல்கி 'பொன்னியின் செல்வ'னை அங்கே தொடங்கியதிலிருந்து வீராணம் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்தக் குதிரையில் ஏறித்தான் வருகிறார்கள். உன் கேள்விக்கும் அந்தக் குதிரைக்கும் தொடர்பில்லை. நன்னூல் தன் பாயிரத்தில் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' ஒன்று. அடுத்தது 'சென்று தேய்ந்து இறுதல்'. இரண்டையும் நன்னூல் ஆசிரியர் பவணந்தி பக்கத்தில் பக்கத்தில் வைத்தது காரணமாகத்தான் என்று எனக்குத் தோன்றும். வேறெதையோ விரித்துவிட்டு வருகிறவனுக்குக் கடைசியில் தெம்பு இருக்காது.

அடுத்தது வரிசை. நீ காலவரிசையில் போயிருக்கிறாய்: சோழர், வெள்ளைக்காரர், 1960கள், 2004. யோசிக்காமல் கிடைக்கும் வரிசை அதுதான், அதனால்தான் ஆபத்து. வாசகனை ஆயிரம் ஆண்டு நடக்கவிட்டு, அவன் களைத்த பிறகு விஷயத்தைச் சொல்கிறாய். 2004ஐ முன்னே கொண்டுவா. அந்த ஆண்டில்தான் புதிய வீராணம் திட்டத்தின் தண்ணீர் சென்னையை எட்டியது. சேத்தியாத்தோப்பில் இறைத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, போரூர் வரை சுமார் 230 கிலோமீட்டர் குழாய். நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் என்பது திட்டம். இதைச் சொன்னவுடன் வாசகனே கேட்பான்: 'அப்போது அந்த ஊர் வயலுக்கு?' அவன் என்ன கேட்பான் என்பதுதான் உன் அடுத்த பத்தி. சோழர் காலம் அங்கே இரண்டு வரியில் வரட்டும், ஏரி எதற்காக வெட்டப்பட்டது என்பதற்குச் சான்றாக. கைவிடப்பட்ட பழைய வீராணம் திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் சாலையோரம் கிடந்ததையும் ஒரு வரி சொல். சென்னையின் கண் அந்த ஏரிமேல் விழுந்து எவ்வளவு காலமாயிற்று என்பது விளங்கும். அது ஊழலை விசாரித்த சர்க்காரியா கமிஷன் வரை போன கதை தனிக் கட்டுரை, இதில் நுழைக்காதே.

இதற்குப் பெரிய உபாயம் ஒன்றுமில்லை. பழைய அழைப்பிதழ்களின் பின்பக்கம் போதும். ஒரு சீட்டுக்கு ஒரு செய்தி என்று எழுதித் தரையில் பரப்பு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, 'இதை எடுத்துவிட்டால் கேள்விக்கான விடை பலவீனப்படுமா?' என்று கேள். படாது என்றால் ஓரம் கட்டு. பாதிக்கு மேல் ஓரம் போகும். வலிக்கத்தான் செய்யும், அலைந்து சேர்த்தது அல்லவா! மிஞ்சியதை மாற்றி மாற்றி அடுக்கிப் பார். இரண்டு சீட்டுகளுக்கு நடுவே 'ஆனால்', 'அதனால்' என்று ஏதாவது ஒன்று தானாக வந்து விழ வேண்டும். 'மேலும்' தவிர வேறு எதுவும் ஒட்டவில்லை என்றால் அந்த அடுக்கு சரியில்லை.

எதிர்த்தரப்பை நீ நான்கு சொல்லில் முடித்துவிட்டாய். உன் மனம் விவசாயி பக்கம், புரிகிறது. ஆனால் 2019 கோடையில் பூண்டி, செங்குன்றம், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டபோது சென்னைக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரில் வீராணத்துத் தண்ணீரும் உண்டு. காலிக் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த பெண் உன் கட்டுரையைப் படித்தால் என்ன சொல்வாள்? அவள் சொல்லப்போவதை அவளைவிட நன்றாக நீ எழுது. அதற்குப் பிறகும் உன் வாதம் நின்றால்தான் அது வாதம்.

நிற்குமா என்பது எனக்கே சந்தேகம், சொல்லிவிடுகிறேன். ஏரி நிரம்புவது பெரும்பாலும் கீழணையிலிருந்து வடவாற்றில் வரும் கொள்ளிடத் தண்ணீரால், அதாவது காவிரியால். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தால் ஒரு கணக்கு, திறக்காவிட்டால் வேறு கணக்கு. வயலும் சென்னையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பதாக எழுதியிருக்கிறாய். இரண்டும் மேட்டூரைப் பார்த்துக்கொண்டு ஒரே வரிசையில் நிற்கின்றன என்றும் சொல்லலாம். இந்தத் திருப்பத்தைக் கட்டுரையின் தொடக்கத்தில் வைத்தால் வீண். கடைசியில் வைத்தால் விளக்க இடமிருக்காது. இரு தரப்பும் பேசி முடித்த இடத்தில், மூன்றில் இரண்டு பங்கு கடந்த பிறகு வை. அதற்குப் பின் உன் முடிவு மாறினால் மாறட்டும். தலையில் ஒட்டிய கேள்வியையும் திருத்திக்கொள். திட்டம் போட்டுவிட்டோமே என்று பொய்யான முடிவைக் காப்பாற்றாதே.

முதல் பத்தியைக் கடைசியாக எழுது. மதகுகளின் எண்ணிக்கையை நீர்வளத் துறை அலுவலகத்தில் ஒரு தடவை சரிபார். நீ இரண்டு இடத்தில் இரண்டு எண் கொடுத்திருக்கிறாய். சேத்தியாத்தோப்பில் பம்ப் ஹவுஸைப் பார்க்க அனுமதிக் கடிதம் தேவைப்பட்டால் முன்கூட்டியே சொல், பத்திரிகையின் பெயரில் தருகிறேன். 900 சொல்லுக்கு மேல் வேண்டாம். பொங்கல் இதழ் நிரம்பிவிட்டது, மாசி இதழுக்கு இடம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்